ஐம்பத்திரண்டு

சூரியன் ஊருக்குத் திரும்பி ஒன்பது நாள்.
ஹெலிகாப்டரிலிருந்து கண் மருத்துவர் இறங்கினார்.
அவருக்கு முன்பே இறங்கின மூன்று பெட்டிகள்,
கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிவைத்தார்கள்.
உள்ளே லேசர்.
உம்மன்னாக்குக்கு அது ஆண்டில் இருமுறை வரும் விருந்தாளி.

என் வேலை நடுவில் நிற்பது.
டேனிஷில் வருவதை எங்கள் மொழியில் தருவது,
எங்கள் மொழியில் வருவதைக் கொஞ்சம் மரியாதை சேர்த்து டேனிஷில் தருவது.

போலெத்தா நாற்காலியில் இருக்கிறாள்.
மீன் ஆலையில் ஹாலிபட்டின் வயிற்றைக் கீறுபவள்.
கையுறை கழற்றியும் விரல்களில் வாடை.
மருத்துவர் மூக்கைச் சுளிக்கவில்லை,
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

நவம்பரில், இருட்டு வந்த மூன்றாம் வாரம்,
அவளுக்குத் தெருவிளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது.
மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
அவனுக்குத் தெரியவில்லை.
நள்ளிரவில் வாந்தி.
இடப்புருவத்துக்குள் யாரோ ஆணி அடித்தார்கள்.
நாங்களும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம் விடியும்வரை
(விடியாத ஊரிலும் அப்படித்தான் சொல்கிறோம்).
மூடிய இமைமேல் விரல் வைத்த செவிலிதான்
"கல்லாயிருக்கிறது" என்றாள்.
ஐம்பத்திரண்டு.
இருபத்தொன்றுக்குள் இருந்திருக்க வேண்டிய எண்.

இருட்டில் பாவை விரியும். எல்லோருக்கும் விரியும்.
சிலருக்குக் கண்ணின் முன்னறை தாழ்ந்த கூரை.
விரிந்த திரை சுருண்டு மூலையில் ஒதுங்கி
வடிகாலை அடைத்துக்கொள்கிறது.
உள்ளே நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது.
கண்ணீர் அல்ல,
அது வெளியே போகத் தெரிந்த நீர்.
இது அழுதாலும் குறையாது.

"திரையில் சின்னத் துளை போடுவோம்" என்கிறார் மருத்துவர்,
"மீன்பிடிக்க நீங்கள் பனியில் போடுவதுபோல."
சொல்கிறேன்.
போலெத்தா என்னைப் பார்க்கிறாள், அவரை அல்ல.
"பனித்துளை ராத்திரியே மூடிக்கொள்ளும்.
காலையில் மறுபடி உளியால் கொத்தணும்.
அது இவருக்குத் தெரியுமா, கேள்."
கேட்கிறேன். அவர் சிரிக்கவில்லை, யோசிக்கிறார்.
"சிலருக்கு மூடலாம். மூடினால் மறுபடி கொத்துவேன்."
பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது.

இன்னொரு வாக்கியம் பாக்கி.
இடக்கண்ணின் ஓரத்தில் போன பார்வை பற்றியது.
மறுப்பு கடைசியில் வரும் மொழி எங்களுடையது.
'திரும்பும்' வரைக்கும் சொல்லிவிட்டு
மிச்சத்தைச் சொல்லாமல் நின்றேன்.
"முடி" என்றாள்.
"போனதைக் கேட்டு நான் வரலை."
முடித்தேன்.

சொட்டு மருந்தில் பாவை குண்டூசித் தலையாகிறது.
கண்மேல் ஒரு வில்லை. அதில் சிவப்புப் புள்ளி.
டக்.
தோள் குலுங்குகிறது, தலை அசையவில்லை.
டக். டக்.
எண்ணுவது என் வேலையல்ல. எண்ணினேன்.
பதினொன்றாவதில் மருத்துவர் தனக்குள் ஏதோ முனகினார்.
திரைக்குப் பின்னாலிருந்து நிறத்தூள் கலங்கிப் பொங்கி
முன்னறைக்கு நீர் வந்ததாம்.
யாரும் கேட்காமலே மொழிபெயர்த்தேன்:
"தண்ணி வந்துடுச்சு."

வலைக்குக் கண் உண்டு, ஊற்றுக்குக் கண் உண்டு.
கண்ணுக்கு இன்றுதான் ஒரு கண்.

அடுத்து வலக்கண்.
அதில் இன்னும் எதுவும் நடக்கவில்லை,
நடக்காமலிருக்க அதற்கும் ஒரு துளை.
பிறகு ஒரு மணி நேரக் காத்திருப்பு. கசந்த காபி.
வெளியே சங்கிலியில் நாய்கள் எதையோ குரைத்துத் தீர்க்கின்றன.
இடம் பத்தொன்பது, வலம் பதினேழு.
எண்களை மட்டும் மொழிபெயர்ப்பது எவ்வளவு சுலபம்!

வீடுவரை நானும் போனேன், அது என் வேலையில் சேராது.
மூன்றரை மணிக்கே விளக்குகள் எரிந்துவிட்டன.
ஆலைக்குப் போகும் ஏற்றத்தில்
அந்த நவம்பர் விளக்கின் கீழ் நின்று அண்ணாந்தாள்.
மஞ்சளாய் ஒரு பல்பு. சுற்றிலும் பனித்தூள்.
வேறொன்றும் இல்லை.

"அது நல்லாத்தான் இருந்தது" என்றாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.